கடை இன்னும் இருக்கிறதா?

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள் ஜொகூர் பாருவிலிருந்து ஒரு பெண்மணி அழைத்தார். பத்து ஆண்டுகளாக எங்களிடம் கறித்தூள் வாங்குபவர். நலம் விசாரிக்கவில்லை, தூளும் கேட்கவில்லை. சற்றுத் தயங்கிவிட்டு, "தம்பி, கடை இன்னும் இருக்கிறதா?" என்றார். துக்க வீட்டில் பேசுகிற குரல்.

நான் கடைக்குள்தான் நின்றுகொண்டிருந்தேன். பின்கட்டில் அரவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா இரும்புச் சட்டியில் மல்லி வறுக்கும் வாசம் தெருவரை போயிருந்தது. "இருக்கிறதே அக்கா, ஏன் அப்படிக் கேட்கிறீர்கள்?" என்றேன்.

"இல்லை, ஒன்றரை மாதமாக முகநூலில் ஒன்றையும் காணவில்லை. புலனத்திலும் (வாட்ஸ்அப்) எதுவும் வரவில்லை. அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது, கடையை மூடிவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். இங்கேயே ஒருவரிடம் தூள் வாங்கிவிட்டேன். நன்றாகவே இல்லை."

அந்த ஒன்றரை மாதம் எனக்குப் பதிவு போட அலுப்பாக இருந்தது, வேறு காரணம் எதுவும் இல்லை. ஊருக்குள் யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். தினமும் காலையில் கடைக் கதவைத் தூக்கும் சத்தம் அவர்களுக்குக் கேட்கிறது. ஜொகூரில் இருப்பவருக்கு அது எப்படிக் கேட்கும்?

அம்மாவிடம் சொன்னேன். அவர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர். "ஒரு வீட்டில் இரண்டு நாள் அடுப்பு புகையவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கதவைத் தட்டுவார்கள். அதுதான் இது" என்றார். பிறகு சட்டியைக் கிளறிக்கொண்டே, "இந்தப் பெண் தட்டிப் பார்த்தாள். தட்டாமலே போனவர்கள் எத்தனை பேரோ" என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட். ஈப்போவுக்கு வடக்கே, கோலகங்சார் போகும் வழியில், முதலாம் கூட்டரசுச் சாலையின் மேல் இருக்கிறது. பெயரைத் தமிழில் சொன்னால் நத்தை ஆறு. இணைய வணிகத்தில் வேகம்தான் முக்கியம் என்று வகுப்பெடுக்கும் இளைஞர்களிடம் நான் ஊர்ப்பெயரின் பொருளைச் சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவேன். சரித்திரப் புத்தகத்தில் எங்கள் ஊர் 1948 ஜூன் 16-ஆம் தேதிக்காக இடம்பிடித்திருக்கிறது. அன்று காலை எல்பில் தோட்டத்திலும் அதற்கு அருகிலும் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்துதான் நாட்டில் அவசரகாலம் வந்தது. அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் என்ற பெருமையும் எங்களுக்கு உண்டு. தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்று, தொழிலாளர்களைத் தெருவில் நிறுத்திய காலத்தில், அந்தத் தொழிலாளர்களின் தவணைப் பணத்தைக் கொண்டே தோட்டம் வாங்குவதற்காக 1960-இல் அவர் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்.

தூள் கடைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். என் வாடிக்கையாளர்கள் எல்லாரும் இந்தச் சரித்திரத்தில் சிதறியவர்கள். அப்பா 1983-இல் அரவை இயந்திரம் போட்டபோது எல்பில், டோவன்பி, ஹீவூட் என்று சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து சம்பளத்துக்கு மறுநாள் ஜனம் வந்து இறங்கும். காய்ந்த மிளகாயும் மல்லியும் பிஸ்கட் டின்னில் கட்டிக்கொண்டு வந்து கடை முன் நடைபாதையான அஞ்சடியில் வரிசையாக உட்காருவார்கள். அரைத்துக் கொடுத்தால் கூலி. பிறகு பால்மரம் என்கிற ரப்பர் போய், எண்ணெய்ப் பனையான செம்பனை வந்தது. லயங்கள் காலியாயின. பிள்ளைகள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் போனார்கள். 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுவதும் திறந்த பிறகு பழைய சாலையில் போய்க்கொண்டிருந்த கார்களும் குறைந்தன. மெனோரா சுரங்கப்பாதைக்குள் நுழைந்து வெளியேறிவிட்டால் எங்கள் ஊர் ஒன்று இருப்பதே தெரியாது.

ஆக, என் கடைக்குச் சமூக ஊடகம் எதற்கு என்று எனக்குப் புரிய வெகுகாலம் பிடித்தது. புதிய ஆட்களைப் பிடிப்பதற்கு என்றுதான் முதலில் நினைத்தேன். எல்லா வகுப்பிலும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

2014-இல் முகநூல் பக்கம் தொடங்கினேன். முதல் மூன்று ஆண்டுகள் அதில் என்ன இருந்தது என்று இப்போது திரும்பிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. ரோஜாப்பூவுடன் காலை வணக்கம். எல்லா மதப் பண்டிகைக்கும் வாழ்த்து. எங்கிருந்தோ எடுத்த மசாலைத்தட்டுப் படம், அதன் மேல் கடைப் பெயர். ஒவ்வொன்றுக்கும் நாற்பது பேர் கட்டைவிரலைத் தூக்குவார்கள். அதில் முப்பத்தைந்து பேர் சொந்தக்காரர்கள். அவர்கள் தூள் வாங்கினால் காசு கொடுப்பதில்லை.

2018 ஜனவரியில் முகநூல் தன் முறையை மாற்றி, நண்பர்கள் குடும்பத்தாரின் பதிவுகளுக்கு முன்னுரிமை தருவதாக அறிவித்தது. வணிகப் பக்கங்களின் பதிவுகள் அதற்குப் பின் தானாகப் போய்ச் சேருவது குறைந்தது. காசு கட்டினால் போய்ச் சேரும். நானும் ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் பார்த்தேன். யாருக்குக் காட்ட வேண்டும் என்று அது கேட்ட இடத்தில் மலேசியா முழுவதும், பதினெட்டு முதல் அறுபத்தைந்து வயது வரை என்று போட்டுவிட்டேன். என் அறியாமைதான். விருப்பக்குறிகள் மழையாகக் கொட்டின. கிளந்தானில் மீன்பிடிக் கடை வைத்திருக்கும் ஒருவர் கூட விரும்பியிருந்தார். தூள் அரைக் கிலோகூடப் போகவில்லை.

கண் திறந்தது கோவிட் காலத்து நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது. 2020 மார்ச் 18 முதல் ஊர் அடங்கியது. வீட்டுக்கு ஒருவர்தான் வெளியே வரலாம், அதுவும் பத்துக் கிலோமீட்டர் வட்டத்துக்குள் என்றார்கள். பண்டிகைக்கு ஊருக்கு வரும்போது தூள் வாங்கிப்போகிறவர்கள் வரமுடியவில்லை. அப்பா காலத்து வாடிக்கையாளர்களில் ஒருவரின் மகள் கிள்ளானிலிருந்து புலனத்தில் எழுதினார்: "அண்ணே, தபாலில் அனுப்புவீர்களா?" அனுப்பினேன். அவர் அதை அடுப்பில் போட்டுக் கொதிக்கும் குழம்பைப் படம் எடுத்துத் தன் அண்ணன் தம்பி, சித்தி, பெரியம்மாக்கள் உள்ள குழுவில் போட்டார். அந்த வாரம் மட்டும் பத்தொன்பது பேர் எழுதினார்கள். பத்தொன்பது பேருமே எங்கள் வட்டாரத்திலிருந்து போனவர்கள். காசு கட்டித் தேடிய ஆட்களைவிட ஒரு குழம்புச் சட்டி அதிகம் கொண்டுவந்தது.

பிறகுதான் என் அண்ணன் மகள் களத்தில் இறங்கினாள். ஈப்போவில் படிக்கிறாள். விடுமுறையில் வந்தால் கைப்பேசியை எந்தக் கோணத்தில் வைத்தால் என்ன தெரியும் என்று அவளுக்குத் தெரியும். "சித்தப்பா, ரோஜாப்பூ போதும்" என்று முதல் நாளே தடை போட்டாள்.

அவள் எடுத்த முதல் காணொலி மிளகாய் அரைப்பது. அம்மா மூட்டையை அவிழ்த்து மேலே கொட்டுகிறார், இயந்திரம் உறுமுகிறது, சிவப்புத் தூள் சாக்குக் குழாய் வழியாக இறங்குகிறது, எடுத்துக்கொண்டிருந்தவள் தும்மிவிட்டாள். ஒன்றல்ல, ஏழு தும்மல். படம் ஆடுகிறது, பின்னால் அம்மா சிரிக்கும் சத்தம். அதை வெட்டாமல் அப்படியே டிக்டாக்கில் போட்டாள். மறுநாள் காலையில் பார்த்தால் எங்கள் ஊர் ஜனத்தொகையைவிட அதிகம் பேர் பார்த்திருந்தார்கள். மதுரையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கருத்துகள். தும்மலுக்கு மட்டும் தனியாக ஒரு ரசிகர் கூட்டம்.

அந்தக் காணொலியால் வந்த ஆர்டர் பதினொன்று. அதே வாரம் புலனத்து நிலைத்தகவலில் ஒரு வரி போட்டேன்: "நாளை காலை மீன் மசாலை அரைக்கிறோம்." பார்த்தவர்கள் நூற்றெண்பது பேர். ஆர்டர் இருபத்திரண்டு. இந்தக் கணக்கை அண்ணன் மகளிடம் காட்டினேன். அவளுக்குக் கொஞ்சம் கோபம். "அந்த நூற்றெண்பது பேர் எண்ணைச் சேமித்து வைத்திருப்பதே என் தும்மலால்தான்" என்றாள். அதில் பாதி உண்மை இருக்கிறது.

புலனத்தைப் பற்றிச் சிறுகடைக்காரர்கள் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவேண்டும். ஒலிபரப்புப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது, ஒரே செய்தியை 256 பேருக்குத் தனித்தனியாக அனுப்பலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தன் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். நாம் அவரைச் சேமித்திருந்தால் போதாது, அவர் நம்மைச் சேமித்திருக்க வேண்டும். இதை அறியாமல் ஒரு தீபாவளி முழுவதும் காற்றில் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது பொட்டலத்தின் மேலேயே எழுதிவிடுகிறேன்: "எண்ணைச் சேமியுங்கள், அரைக்கும் நாள் தெரியும்."

எந்தப் பதிவுக்கு ஆர்டர் வருகிறது என்று நான் நான்கு ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். தள்ளுபடிக்கு வரவில்லை. வாழ்த்துக்கு வரவே வராது. மழைக்கு வருகிறது.

விளக்கமாகச் சொல்கிறேன். மிளகாயை வெயிலில் போட்டு மொறுமொறுப்பாகக் காயவைத்தால்தான் அரவை சரியாக வரும். ஈரம் இருந்தால் இயந்திரத்தில் ஒட்டும், தூள் கட்டிதட்டும், சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். தீபாவளிக்கு முந்தைய மாதம்தான் பேராக்கில் தினமும் பிற்பகல் இடி மின்னலோடு மழை. காலை பத்து மணிக்குப் பாயை விரித்தால் இரண்டு மணிக்கு ஓடிப்போய்ச் சுருட்டவேண்டும். ஒருமுறை மூன்று நாள் வெயிலே இல்லை. ஆர்டர் கொடுத்தவர்கள் விரட்டுகிறார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல், கருத்த வானத்தையும் சுருட்டிய பாயையும் படமெடுத்து, "இன்றும் வெயில் இல்லை. மிளகாய் காயவில்லை. அரைத்தால் கெட்டுவிடும். இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று போட்டேன். திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். அன்று மட்டும் புதிதாக எட்டுப் பேர் ஆர்டர் கொடுத்தார்கள். அதில் ஒருவர், "அவசரப்பட வேண்டாம் அண்ணே, காயட்டும்" என்று எழுதினார்.

அதிலிருந்து வேலையை உள்ளபடி காட்டுகிறோம். அரைத்த தூளை உடனே பொட்டலம் போடாமல் பரப்பி ஆறவைப்பதை, சூட்டோடு கட்டினால் வியர்த்துவிடும் என்பதை, சட்டியில் மல்லி எந்த நிறத்தில் வறுபடும்போது அம்மா அடுப்பைத் தணிக்கிறார் என்பதை.

நிறம் என்றதும் ஒரு தொல்லை நினைவுக்கு வருகிறது. கைப்பேசிக்குச் சிவப்பு என்றால் தலைகால் புரியாது. நம் மிளகாய்த்தூள் செங்கல்லும் பழுத்த இலையும் கலந்த நிறம். படத்திலோ அது கோயில் குங்குமம் போல் ஜொலித்தது. கீழே ஒருவர் கேட்டார்: "சாயம் கலந்திருக்கிறீர்களா?" கேட்டதில் தவறில்லை. மிளகாய்த்தூளில் சூடான் சாயம் கலக்கும் மோசடி உலகம் அறிந்தது. 2005-இல் பிரிட்டனில் அதற்காகவே நூற்றுக்கணக்கான உணவுப்பொருட்களைக் கடைகளிலிருந்து திரும்ப எடுக்கவேண்டி வந்தது. பதில் எழுதி வாதாடுவதற்குப் பதிலாக, அண்ணன் மகள் ஒரு வேலை செய்தாள். காலை பத்து மணிக்குச் சன்னலோரம் எவர்சில்வர் தட்டில் தூளையும் பக்கத்தில் ஒரு முழு மிளகாயையும் வைத்து, நிறத்தைக் கூட்டிக் குறைக்காமல் படமெடுத்தாள். பக்கத்தில் எவர்சில்வர் தட்டும் மிளகாயும் இருந்தால் கண் தானாக ஒப்பிட்டுக்கொள்கிறது. இன்றுவரை எங்கள் படங்கள் எல்லாவற்றுக்கும் அதே சன்னல், அதே தட்டு. தட்டின் ஓரத்தில் ஒரு நசுங்கல் இருக்கிறது. நசுங்கலை வைத்தே எங்கள் படம் என்று கண்டுபிடிக்கிறார்கள். வேறொரு விற்பனையாளர் எங்கள் படத்தைத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டபோது மாட்டிக்கொண்டதும் அந்த நசுங்கலால்தான்.

விலையை எழுதுவதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. இந்த நாட்டில் இணையத்தில் விற்பவர்களிடம் ஒரு பழக்கம். படத்தைப் போடுவார்கள், விலையைப் போடமாட்டார்கள். கேட்டால் "பி.எம். தெப்பி". தனிச்செய்தியில் வா, ஓரமாகச் சொல்கிறேன் என்று அர்த்தம். மின்னியல் வணிக விதிமுறைகளின்படி இணையத்தில் விற்பவர் தன் பெயர், தொடர்பு விவரம், பொருளின் தன்மை, அனுப்பும் செலவு உட்பட முழு விலை எல்லாவற்றையும் வெளிப்படையாகத் தெரிவிக்கவேண்டும். சட்டம் இருக்கட்டும். தோட்டத்துச் சனம் விலை தெரியாமல் கடைக்குள் நுழைய யோசிக்கும். விலை கேட்டுவிட்டு வாங்காமல் திரும்புவது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். விலையை மறைத்தால் அவர்கள் கேட்கமாட்டார்கள், பேசாமல் போய்விடுவார்கள்.

மொழியிலும் சிறு பாடு உண்டு. மேலே தமிழ், கீழே மலாய் என்று எழுதுகிறேன். நோன்புப் பெருநாளுக்கு ரெண்டாங் செய்யும் மலாய்க்கார அக்காமார்கள் எங்கள் மல்லித்தூளை விரும்பி வாங்குகிறார்கள். "ஹலாலா?" என்று கேட்பார்கள். எங்களிடம் அரசின் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிம் தரும் ஹலால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாமல் அந்தச் சொல்லை விளம்பரத்தில் எழுதக் கூடாது, எழுதவும் மாட்டேன். இயந்திரத்தில் என்னென்ன அரைக்கிறோம் என்பதைச் சொல்கிறேன், முடிவு அவர்களுடையது. சிலர் வாங்குகிறார்கள், சிலர் வாங்குவதில்லை. இரு சாராரும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள்.

இதற்கிடையில் ஒரு கூத்து. ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம் பதினான்கு கிலோவுக்கு ஒரு ஆர்டர். பணம் அனுப்பிய ரசீதும் வந்தது. எடுத்துப்போக ஒரு மோட்டார் சைக்கிள் பையனும் வந்தான். ரசீதை நம்பிக் கொடுத்துவிட்டேன். ரசீது கைப்பேசியில் தயாரானது, வங்கிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. இப்போது காசு கணக்கில் விழுந்த பிறகே பொட்டலம் வெளியே போகும். மோசடிக்கு அழைக்க 997 என்று ஓர் எண் இருப்பதையும் கல்லாவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஒரு காலத்தில் வெறிபிடித்துத் தினமும் மூன்று பதிவு போட்டேன். காலை ஒன்று, மதியம் ஒன்று, இரவு நேரலை. ஆறு வாரத்தில் எனக்கு மூச்சு முட்டியது. பார்ப்பவர்கள் எண்ணிக்கையும் இறங்கியது. பட்டியலில் இருந்தவர்கள் சிலர் எங்களை ஓசையில்லாமல் அடைத்துவிட்டார்கள். புலம்பிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார்: "நீ பால்மரம் வெட்டியிருக்கிறாயா?"

நான் எங்கே வெட்டினேன். அவர் கல்யாணத்துக்கு முன் ஏழு ஆண்டுகள் வெட்டியவர். ஒரு நிரையை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுவார்களாம். பட்டையை மெல்லிய தோல்போல் சீவவேண்டும். ஆழமாகப் போனால் கத்தி மரத்தைத் தொட்டுவிடும், காயம் முண்டும் முடிச்சுமாக ஆறும், அப்புறம் அந்தப் பக்கத்தில் கத்தி ஓடாது. சீவின பட்டை மறுபடி வளரப் பல ஆண்டுகள் ஆகும். 1970-களில் பால் அதிகம் வடிவதற்குப் பட்டையில் தடவ ஒரு மருந்து வந்தது. தடவினால் பால் பிடிக்கும் மங்கு நிரம்பி வழியும். அளவு மீறினால் மரம் வறண்டுவிடும். "நீ தினமும் வெட்டுகிறாய். அப்பப்போ காசு கட்டி மருந்தும் தடவுகிறாய். மரம் என்ன செய்யும்?" என்றார்.

அதன் பின் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். அலுப்பில் ஒன்றரை மாதம் விட்டது பற்றி முதலிலேயே சொல்லிவிட்டேன். அது வெட்டாமல் போட்ட காடு, அங்கே புல் மண்டிவிடும்.

நோட்டுப் புத்தகத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. 2021 அக்டோபர் 4 இரவு முகநூலும் புலனமும் இன்ஸ்டாகிராமும் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணி நேரம் நின்றுபோயின. நம் நேரப்படி நள்ளிரவுக்குச் சற்று முன் தொடங்கி விடியற்காலைவரை. பராமரிப்பின்போது நடந்த ஒரு தவறான கட்டளையால் அவர்களுடைய கணினிகள் இணையத்தின் வரைபடத்திலிருந்தே காணாமல் போயின என்று பின்னர் விளக்கினார்கள். அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 4. சரியாக ஒரு மாதம் இருந்தது. ஐந்து மணிக்கு எழுந்து அன்றைய ஆர்டரைப் பார்க்கலாம் என்றால் முகநூல் பதிவின் கீழ் எழுதியிருந்தவை ஒன்றும் திறக்கவில்லை. எல்லாவற்றையும் அங்கேயே விட்டு வைத்திருந்தது என் சோம்பல். அம்மா தன் நோட்டை எடுத்து விரித்தார். நான் சாப்பிடும்போது வாய்விட்டுச் சொன்ன ஆர்டர்களை அவர் தினமும் எழுதி வைத்திருந்தார்.

அந்த நோட்டு அப்பா காலத்திலிருந்து வருகிறது. இது ஒன்பதாவது நோட்டு. பழையவை எட்டும் அரிசி டின்னுக்குள் இருக்கின்றன. அதில் ஆட்களின் பெயர் அதிகம் கிடையாது. "டோவன்பி, மூன்றாவது லயம், கடைசி வீடு — மிளகாய் குறைத்து, மிளகு கூட." "எல்பில், ஆயாக்கொட்டகை எதிரில் — சோம்பு வேண்டாம், பிள்ளை பெற்ற வீடு." "ஹீவூட் கிராணி வீடு — மஞ்சள் தனியாக." ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கலவை. அந்த லயங்களில் பல இன்று இல்லை. கலவை இருக்கிறது.

இதை நேரலையில்தான் ஊர் அறிந்தது. சென்ற ஆண்டு, ஜொகூர் அக்கா அழைத்ததற்கு அடுத்த வாரம், அம்மாவை முதன்முறையாகக் கைப்பேசி முன் உட்காரவைத்தோம். தூள் காட்டுவதற்குத்தான். கருத்துப் பகுதியில் ஒரு பையன் "வணக்கம் பாட்டி" என்று எழுதினான். அண்ணன் மகள் வாசித்துச் சொன்னாள். அம்மா திரையை உற்றுப் பார்த்து, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்றார்.

விற்பனை அத்தோடு நின்றது. "டோவன்பி பாட்டி, கிணற்றடி வீடு" என்று ஒருவர். "நான் எல்பில். எங்கள் அப்பா லாரி ஓட்டினார்" என்று இன்னொருவர். அம்மா நோட்டை எடுத்துவரச் சொன்னார். எட்டு நோட்டும் வந்தது. ஒவ்வொருவரும் எழுத எழுத, இவர் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, "உங்கள் வீட்டுக்குக் கசகசா சேர்க்கக் கூடாது, உன் தாத்தாவுக்கு ஆகாது" என்று வாசித்தார். அவர்கள் ஒருவரையொருவர் விசாரிக்கத் தொடங்கினார்கள். ஷா ஆலமில் ஒரே தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் இருவர் அன்றுதான் ஒரே லயம் என்று தெரிந்துகொண்டார்கள். ஒன்றேமுக்கால் மணி நேரம். அன்று போன தூள் ஆறு கிலோ. அடுத்த மாதத்தில் போனதை நான் இங்கே எழுதினால் வரி அலுவலகம் படிக்கும்.

போன வாரம் சிங்கப்பூரிலிருந்து ஒரு பெண் புலனத்தில் எழுதியிருந்தாள். வயது இருபது இருக்கலாம். "என் பாட்டி வாங்குகிற தூள் ஒரு கிலோ வேண்டும். பாட்டி இப்போது இல்லை. அம்மாவுக்குக் கலவை தெரியவில்லை." அம்மாவிடம் காட்டினேன். "எந்தத் தோட்டம், எந்த லயம் என்று கேள்" என்றார். கேட்டேன். "தெரியாது. அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று பதில் வந்தது. இரண்டு மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு: "ஹீவூட். கோயிலுக்குப் பின்னால் இரண்டாவது லயம். வாசலில் கொய்யாமரம்."

அம்மா நான்காவது நோட்டை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரலால் கீழே இறங்கினார். நின்றார்.

"மல்லி கூட. கறிவேப்பிலை வறுத்துச் சேர்க்கணும். 1987, தீபாவளி. பாக்கி நாலு வெள்ளி அறுபது காசு."

"பாக்கியையும் எழுதட்டுமா?" என்று சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. "எழுது. அந்தக் கிழவி கடன் வைத்துவிட்டுப் போகிறவள் இல்லை. மறந்திருப்பாள்."

எழுதினேன். கிலோ விலை, அனுப்பும் செலவு, பழைய பாக்கி 4.60 என்று மூன்று வரி. பத்து நிமிடத்தில் பணம் வந்துவிட்டது, பாக்கியோடு சேர்த்து. அம்மா பேனாவை எடுத்து 1987-இன் மேல் ஒரு கோடு கிழித்துவிட்டு, கறிவேப்பிலை வாங்கிவரச் சொன்னார்.